படத்தை வெட்டுவதற்கு முன்

எங்கள் பெரியம்மா காலமான முப்பத்தோராம் நாள். வத்தளையில், நீர்கொழும்பு வீதிக்குச் சற்று உள்ளே அமைந்த அவருடைய மகனின் இல்லத்தில் அந்தியேட்டிக் கிரியைகள் நிறைவெய்தி, பந்திக்கு இலை விரிக்கும் வேளை. வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் வந்திருந்த உறவினரால் கூடம் நிறைந்திருந்தது. சுவரிலே, எட்டு அங்குல அகலமும் பன்னிரண்டு அங்குல உயரமும் கொண்ட கண்ணாடிச் சட்டத்துள் பெரியம்மாவின் படம். கண்ணாடியில் சந்தனப் பொட்டு, சட்டத்தின் மேல் மல்லிகை மாலை, கீழே குத்துவிளக்கு. வந்தவர்கள் கைகூப்பினர், பின்னர் ஏனோ பார்வையைத் திருப்பிக்கொண்டனர்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே. சொல்லத்தான் எவருக்கும் மனம் வரவில்லை. பெரியம்மாவுக்கு வட்ட முகம். சுவரிலிருந்த முகமோ நீண்டு மெலிந்து, யாரோ அயலூர் அம்மையாரின் முகம் போலத் தோன்றியது. அது போதாதென்று, அவருடைய தோளின் மேல் நான்கு விரல்கள் தெரிந்தன. விரல்களுக்கு உரியவரைக் காணோம்.

"அப்பம்மாவின்ர தோளில இருக்கிறது ஆற்ற விரல்?" என்று ஏழு வயதுப் பேத்தி கேட்டபோதுதான் கூடத்தின் மௌனம் கலைந்தது.

அந்த விரல்கள் அங்கே வந்த கதை இதுதான். பெரியம்மாவுக்குத் தனிப்படம் என்று ஒன்று இருந்ததில்லை. இருந்தவையெல்லாம் 1995ஆம் ஆண்டு ஒக்டோபரில் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது வீட்டோடு போயின. காணி உறுதிகளுடன் சேலையில் சுற்றி அவர் எடுத்துவந்தது ஒரேயொரு படம்: 1961ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்து ஸ்டூடியோ ஒன்றில் எடுத்த குடும்பப் படம். தாயும் தந்தையும் நடுவில், நாற்காலியில் பெரியம்மா, பக்கத்தில் என் தாயார், பெரியம்மாவின் பின்னே நின்று அவர் தோளில் கைவைத்திருப்பவர் கடைசித் தங்கை, எங்கள் சின்னம்மா. முதுமையில் அடையாள அட்டைக்காக எடுத்த சிறு படமும் இருந்தது. ஆயினும் நோயில் வாடிய அந்த முகத்தைச் சுவரில் வைக்கப் பிள்ளைகள் விரும்பவில்லை.

குடும்பப் படத்தைக் கையடக்கத் தொலைபேசியில் பிடித்துக் கனடாவுக்கு அனுப்பினார்கள். அங்குள்ள பேரன் ஒருவன் முகத்தையும் தோளையும் மட்டும் சதுரமாக வெட்டி, அஞ்சலிச் செய்தியுடன் உறவினர் அனைவருக்கும் அனுப்பிவிட்டான். சதுரமாக வந்த அந்த வெட்டுப்படமே மறுபடி வத்தளைக்குத் திரும்பி வந்து, படம் அச்சிடும் கடை ஒன்றுக்குச் சென்றது. "எட்டுக்குப் பன்னிரண்டு வேண்டும்" என்று இவர்கள் சொன்னார்கள். கடையில் கணினியில் இருந்த பிள்ளை சதுரத்தின் மேல்விளிம்பைப் பிடித்து இழுத்து, எட்டுக்குப் பன்னிரண்டாக ஆக்கிக் கொடுத்துவிட்டான். அகலத்தை அப்படியே விட்டு உயரத்தை மட்டும் ஒன்றரை மடங்காக்கினால் எந்த முகந்தான் தன் முகமாக இருக்கும்?

இங்கே நிகழ்ந்த தவறுகள் இரண்டு. ஒன்று இழுத்தது, மற்றொன்று யோசியாமல் வெட்டியது. முதலாவதற்கு மன்னிப்பே இல்லை. வெட்டிய படத்தில் ஆள் குறையலாம். இழுத்த படத்தில் ஆளே மாறிவிடுகிறார். கடையில் அச்சுக்கு முன் திரையில் காட்டும்போது, வட்டமாக இருக்கவேண்டிய ஏதேனும் ஒன்றை, ஒரு பொட்டையோ தோட்டையோ சட்டைப் பொத்தானையோ, பாருங்கள். அது முட்டை வடிவாகத் தெரிந்தால் படம் இழுபட்டுவிட்டது என்று அறிந்து, அங்கேயே நிறுத்திவிடலாம்.

இரண்டாவது தவற்றைப் பற்றியே சிறிது விரிவாக எழுத வேண்டும். ஏனெனில் அது எல்லா வீடுகளிலும் நிகழ்வது.

நாம் எடுக்கும் படத்துக்கு ஒரு வடிவம் உண்டு. அச்சிடும் தாளுக்கு ஒரு வடிவம் உண்டு. வாங்கும் சட்டத்துக்கு வேறொரு வடிவம் உண்டு. இம்மூன்றும் தற்செயலாகவே ஒன்றுக்கொன்று பொருந்தும். கையடக்கத் தொலைபேசியில் எடுக்கும் படம் பெரும்பாலும் மூன்றுக்கு நான்கு. கடைகளில் 'போஸ்ட்காட் சைஸ்' என்று வழங்கும் நான்குக்கு ஆறு அங்குலத் தாளோ இரண்டுக்கு மூன்று. ஆகவே தொலைபேசியில் நெடுக்காக எடுத்த படத்தை அத்தாளில் நிரப்பினால் அகலத்தில் ஒன்பதில் ஒரு பங்கு போய்விடும். ஓரத்தில் நின்ற மாமாவின் பாதித் தோள் மறைவது இப்படித்தான். பெரிய கமராவில் எடுத்த இரண்டுக்கு மூன்று படத்தை எட்டுக்குப் பத்துத் தாளில் நிரப்பினாலோ உயரத்தில் ஆறில் ஒரு பங்கு, அதாவது பன்னிரண்டு அங்குலத்தில் இரண்டு அங்குலம், போக வேண்டும். தலைமுடியா, கைகளா, எது போவது? நாம் சொல்லாவிட்டால் இயந்திரம் மேலும் கீழும் சமமாக வெட்டும். மணப்பெண்ணின் நெற்றிச்சுட்டியும் உச்சிப்பூவும் போவதற்கு அதுவே போதும்.

இன்னுமொரு சிறு வம்பு உண்டு. விளிம்பில்லாமல் அச்சிடும்போது தாளின் நான்கு ஓரங்களிலும் ஓரிரு மில்லிமீற்றர் வெட்டுப்படுவது வழக்கம். ஆகையால் தலைக்கு மேலே மயிரிழை இடம் விட்டு வெட்டிய படம், அச்சில் தலை முட்டி நிற்கும். A4 தாள் அளவுச் சட்டம் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குவோரும் கவனிக்க வேண்டும்: அதன் அளவு 210க்கு 297 மில்லிமீற்றர். எட்டுக்குப் பன்னிரண்டு அங்குலப் படம் அதற்குள் அடங்காது. உயரத்தில் ஏறக்குறைய எட்டு மில்லிமீற்றர் மிஞ்சும், அகலத்தில் ஏழு மில்லிமீற்றர் வெறுமையாக நிற்கும். வீட்டில் யாராவது கத்தரிக்கோலைத் தேடுவது அந்த நேரத்தில்தான்.

இந்த அளவுக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்று மாணவர்கள் கேட்கக்கூடும். பழைய ஸ்டூடியோக்களில் கண்ணாடித் தகடுகளே படத்தின் அளவைத் தீர்மானித்தன. முழுத் தகடு ஆறரைக்கு எட்டரை அங்குலம். அரைத் தகடு நாலேமுக்காலுக்கு ஆறரை. தகட்டைத் தாளின் மேல் வைத்து அப்படியே அச்செடுத்தனர். பாரிஸ் நகரத்து டிஸ்டேரி என்பவர் 1854ஆம் ஆண்டில் ஒரே தகட்டில் பல சிறு படங்களை எடுக்கும் முறைக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். அதன்பின், விசிற்றிங் காட் அளவில், இரண்டரைக்கு நான்கு அங்குல அட்டைகளில் முகங்கள் உலகெங்கும் உலாவத் தொடங்கின. கொழும்பிலும் அக்கலை விரைவிலேயே வேரூன்றிவிட்டது; 1890ஆம் ஆண்டில் தொடங்கிய பிளாட்டே நிறுவனத்தின் முத்திரை தாங்கிய அட்டைப்படங்கள் பழைய குடும்பங்களில் இன்றும் உள்ளன. பின்னர் ஜெர்மனியின் ஒஸ்கார் பார்னாக், சினிமாச் சுருளின் இரு சட்டங்களை ஒன்றாக்கி 24க்கு 36 மில்லிமீற்றர் என்று அமைத்த லைக்கா கமரா 1925இல் விற்பனைக்கு வந்தது. இன்றைய இரண்டுக்கு மூன்று வடிவம் அதன் வழிவந்ததே. எட்டுக்குப் பத்து பழைய தகட்டின் வாரிசு. நான்குக்கு ஆறு சினிமாச் சுருளின் வாரிசு. இரண்டு குடும்பங்களுக்கும் சம்பந்தம் பொருந்தாததில் வியப்பில்லை.

முகத்தை மட்டும் பெரிதாகக் காட்டினால் என்ன, அதுதானே வேண்டியது என்பார் சிலர். உண்மைதான், அவ்வாறு காட்டிப் புகழ்பெற்ற ஒருவர் நம் நாட்டு மண்ணிலேயே உறங்குகிறார். கல்கத்தாவில் பிறந்து, இங்கிலாந்தில் நாற்பத்தெட்டாம் வயதில் கமராவைக் கையிலெடுத்த ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார், 1875ஆம் ஆண்டில் கணவருடன் இலங்கைக்கு வந்தார். களுத்துறையில் வாழ்ந்து, 1879ஆம் ஆண்டில் மலைநாட்டில் மறைந்து, பொகவந்தலாவைத் தேவாலயத்து வளவில் அடக்கம் செய்யப்பட்டார். வானியல் அறிஞர் சேர் ஜோன் ஹேர்ஷலை 1867இல் அவர் எடுத்த படத்தைக் கண்டவர்கள் மறவார்: கரிய பின்னணியில் நரைத்த தலையும் முகமுமே, வேறொன்றுமில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அக்காலத்தில் அவர் கையாண்ட தகடு பதினைந்துக்குப் பன்னிரண்டு அங்குலம். எடுக்கும்போதே முகத்தால் தகட்டை நிரப்பியவர் அவர். ஐந்து பேர் நிற்கும் படத்திலிருந்து ஒரு முகத்தைப் பிய்த்தெடுக்கவில்லை.

எங்கள் குடும்பப் படமோ அரைத்தகட்டு அச்சு. அளவுகோலை வைத்துப் பார்த்தேன். பெரியம்மாவின் முகம், உச்சியிலிருந்து மோவாய் வரை, அரை அங்குலம். அதைச் சுவரில் நான்கு அங்குல முகமாக்க முனைந்திருக்கிறோம். எட்டு மடங்கு! அச்சுத்தாளின் மணிமணியான பரப்பும் அறுபது ஆண்டுக் கீறல்களுந்தான் எட்டு மடங்காகிப் பெருத்தன, முகம் கரைந்துவிட்டது. நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்தில் முந்நூறு புள்ளிகள் வேண்டும் என்பது கடைகளில் பொதுவாகக் கைக்கொள்ளும் கணக்கு. எட்டுக்குப் பத்துப் படத்துக்கு 2400க்கு 3000 புள்ளிகள். தொலைபேசிச் செய்தியாகக் கைமாறிக் கைமாறி வரும் படத்தில், புள்ளிகள் பெரும்பாலும் குறைந்துவிடுகின்றன. பழைய படத்தை ஸ்கான் செய்யும் கருவியில் வைத்து, உயர்ந்த நுணுக்கத்தில் ஒருமுறை பதிந்து, அந்த மூலத்தை எவரும் தொடாமல் வைத்திருப்பதே முறை. வெட்டுவதெல்லாம் அதன் பிரதியில்.

எங்கே வெட்டுவது? பழைய ஸ்டூடியோக்காரர் இதற்கு மார்பளவு, அரையளவு, முழு உருவம் என்று பெயர் வைத்து வாடிக்கையாளரைக் கேட்பார்கள். அப்பெயர்களுக்குள் ஓர் அறிவு இருந்தது. மூட்டுகளில் வெட்டினால் உறுப்பு துண்டானது போலத் தோன்றும்: மணிக்கட்டில், முழங்கையில், முழங்காலில், கழுத்தில் வெட்டலாகாது. மேற்கையின் நடுவில், மார்பின் நடுவில், தொடையின் நடுவில் வெட்டினால் கண் உறுத்தாது. மிகுதியை மனம் தானே நிரப்பிக்கொள்ளும். கண்கள் படத்தின் நட்ட நடுவில் இருப்பதைவிட, மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் இருப்பது நன்று. முகம் ஒரு பக்கம் திரும்பியிருந்தால், அது நோக்கும் பக்கத்தில் சிறிது இடம் கூடுதலாக விட வேண்டும். இல்லையேல் சுவரை முட்டிக்கொண்டு பார்ப்பவர் போல் இருப்பார். கைகள் மடியில் கோத்திருந்தால் இரண்டையும் வையுங்கள், அல்லது இரண்டையும் விடுங்கள். வேட்டிச் சால்வையுடன் தலைப்பாகை அணிந்தவரின் தலைப்பாகை, கொண்டையில் பூ வைத்தவரின் பூ, இவையும் அவரவர் தலையைச் சேர்ந்தவையே என்று கொள்க.

நம் வீடுகளுக்கென்று தனியாக ஒரு விதியும் உண்டு. ஆங்கிலப் புத்தகங்களில் அதைக் காணமுடியாது. நாம் படத்துக்கு மாலை போடுகிறோம். மாலை சட்டத்தின் இரு பக்கத்தையும் மறைத்து, மோவாய்க்குக் கீழே தொங்கும். முகத்தை விளிம்புக்கு விளிம்பு நிரப்பிய படத்துக்கு மாலையிட்டால், பூக்களுக்கு நடுவே இரு கண்களும் மூக்கும் மட்டுமே எட்டிப் பார்க்கும். நினைவுப் படமாக வைக்கும் எதற்கும் கீழே மார்பளவு தாராளமாகவும், பக்கங்களில் ஓரளவும் இடம் விடுதல் நலம். கல்வெட்டுப் புத்தகத்துக்கு வேறு கணக்கு: அதன் முதற்பக்கத்தில் படத்தின் கீழே பெயரும் பிறந்த மறைந்த நாட்களும் வருவதால் உயர்ந்த வடிவம் இயல்பாய் அமையும். பத்திரிகையின் மரண அறிவித்தலுக்கோ படம் பெருவிரல் நகத்தளவு. அங்கே முகத்தைத் தவிர வேறெதற்கும் இடமில்லை. நெருக்கி வெட்டுவதே சரி. ஒரே மூலத்திலிருந்து மூன்று வெட்டுகள். ஒன்றுக்காக வெட்டியதை மற்றொன்றுக்கு அனுப்புவதுதான் வினையாகிறது.

நமக்கு விருப்பத்துக்கு இடமே இல்லாத படங்களும் உள. கடவுச்சீட்டுப் படம் 35க்கு 45 மில்லிமீற்றர். ஐக்கிய அமெரிக்க விசாவுக்கு இரண்டு அங்குலச் சதுரம். அதில் தலை ஓர் அங்குலத்துக்குக் குறையாமலும் ஒன்றேமுக்கால் அரைக்கால் வரை போகாமல் ஒன்றே காலே அரைக்கால் அங்குலத்துக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். கனடியக் கடவுச்சீட்டுக்கு 50க்கு 70 மில்லிமீற்றர். முகம் 31 முதல் 36 மில்லிமீற்றர். ஒரு நாட்டுக்காக எடுத்ததை வெட்டி மற்றொரு நாட்டுக்கு அனுப்ப முயன்று, விண்ணப்பம் திரும்பி வந்து கண்ணீர் விட்ட குடும்பங்களை நான் அறிவேன். இதில் சிக்கனம் பாராமல் புதிதாக எடுத்துவிடுவதே மேல்.

வெட்டிப் பார்க்காமல் வெட்டைப் பார்க்க ஓர் எளிய வழி உண்டு. பழைய கலண்டர் மட்டையில், தச்சரின் மூலைமட்டம் போன்ற வடிவில் இரண்டு துண்டுகள் நறுக்கிக்கொள்ளுங்கள். இரண்டையும் எதிரெதிராகப் படத்தின் மேல் வைத்தால் ஒரு சாளரம் உண்டாகும். அதை விரித்தும் சுருக்கியும் நகர்த்தலாம். ஐந்துக்கு ஏழு வேண்டுமானால் அந்தப் பொருத்தத்தில் சாளரத்தை அளந்து வைத்துக்கொள்ளலாம். கணினித் திரையில் இதனை நொடியில் செய்யலாம் என்பது உண்மையே. ஆயினும் மேசையைச் சுற்றி வீட்டார் எல்லோரும் நின்று, "கொஞ்சம் கீழே... கொஞ்சம் இடப்பக்கம்" என்று சொல்லும்போது தெரியவரும் செய்திகள் திரையில் தெரியா.

எங்கள் வீட்டில் அதுவே நடந்தது. அந்தியேட்டிக்கு மறுவாரம், அதே குடும்பப் படத்தை மேசையில் வைத்து மட்டைச் சாளரத்தை நகர்த்தினோம். முகத்தோடு நிறுத்தினால் விரல்கள் தனித்து நிற்கின்றன. இன்னும் நெருக்கித் தோளையே வெட்டினால் விரல்கள் போய்விடும். ஆனால் பெரியம்மா அடையாள அட்டைக்காரி ஆகிவிடுகிறார். விரல்களைக் கணினியில் அழித்துவிடலாமே என்றான் தம்பி. அதுவும் இயலக்கூடியதே, இன்றைய கருவிகளுக்கு அது விளையாட்டு. அப்பொழுது கனடாவிலிருந்து காணொளி அழைப்பில் இருந்த சின்னம்மா, எண்பதைத் தாண்டியவர், இதுவரை பேசாதிருந்தவர், "அது என்ர கையடா" என்றார்.

அவர் சொல்லித்தான் அறிந்தோம். படம் எடுத்த நாளில் அவருக்குப் பதினாறு வயது. கமராவின் முன் நிற்கக் கால் நடுங்கிற்றாம். ஸ்டூடியோக்காரர் அசையாதே என்று மூன்று தடவை அதட்டியபின், முன்னே அமர்ந்திருந்த அக்கா திரும்பிப் பாராமலே, "என்ர தோளைப் பிடிச்சுக்கொள்" என்றாராம்.

சாளரத்தைச் சற்று விரித்தோம். மேலே, பெரியம்மாவின் கொண்டைக்கு அப்பால் விரலளவு வெளி. கீழே, மடியில் கோத்த இரு கைகளும் முழுதாக. பக்கத்தில், தோளைப் பற்றிய கை, மணிக்கட்டையும் கடந்து, வளையல்களுடன் முன்கையின் நடுப்பகுதி வரை. அதற்கப்பால் சின்னம்மாவின் சேலை மடிப்பு சிறிது. மூலப்படத்தில் இரண்டு அங்குல உயரப் பகுதி அது. அதனை ஐந்துக்கு ஏழு அங்குலமாக அச்சிட்டோம். மூன்றரை மடங்குதான் பெருத்தது. முகம் ஒன்றேமுக்கால் அங்குலம். கண்ணிமையின் கோடுகூடத் தெளிவாய் இருந்தது. ஏழு அங்குலப் படம் கூடத்துச் சுவருக்குச் சிறிது என்று குறைப்பட்டவர்களுக்காகப் பெரிய சட்டமே வாங்கி, படத்தைச் சுற்றி வெள்ளை மட்டையில் அகன்ற விளிம்பு வைத்தோம். பத்துக்குப் பன்னிரண்டு சட்டம். உள்ளே ஐந்துக்கு ஏழு படம். மாலை விழுவதெல்லாம் அந்த வெள்ளை விளிம்பின் மேல்தான்.

பேத்தி இப்பொழுது வருவோருக்கெல்லாம் விளக்கம் சொல்கிறாள். அப்பம்மாவைக் காட்டிவிட்டு, பிறகு அந்தக் கையைக் காட்டி, இது ரொறன்ரோவில இருக்கிற சின்ன அப்பம்மா, என்கிறாள். படத்தில் முகமே இல்லாத ஒருவரை அவள் இப்படி அறிமுகம் செய்வதைக் கேட்டு, சென்ற மாதம் வந்த சின்னம்மா தாமே அந்தச் சட்டத்தின் முன் நெடுநேரம் நின்றார். போகும்போது அதே அளவில், அதே வெட்டில், தமக்கும் ஒரு பிரதி வேண்டுமென்று கேட்டு வாங்கிச் சென்றார்.